அவரோடுதான் என் வழக்கு

கேள்வி:

அன்புள்ள அக்கா,

எனக்கு 39 வயது. களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். கணவர் மேசன் வேலை செய்தவர். போன வருடம் தை மாதம் வேலைக்குப் போன இடத்தில் பாரிசவாதம் வந்து விழுந்தார். இடது கையும் காலும் இன்னும் சரிவரவில்லை. பேச்சும் தடுமாறுகிறது. நான் விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வீட்டு வேலைக்கு எடுத்த லோன் காசு கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். ஒரு கிழமை தவறினால் வாசலில் வந்து நிற்பார்கள்.

எட்டு வருடமாக ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறோம். முதலில் எல்லோரும் வந்து ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை என்றதும், வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிடுங்கள் என்றார்கள். 'குளிசையை நம்புகிறீர்களா, கர்த்தரை நம்புகிறீர்களா' என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பயந்து நாலு நாள் பிரஷர் குளிசை கொடுக்காமல் விட்டேன். தலையிடி தாங்காமல் அவர் அழுததும் திரும்பக் கொடுத்தேன். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம் போலக் கிடக்கிறது. அவருக்கு ஸ்கேன் எடுக்கக் காசு தந்தது மருதமுனையில் நான் இடியப்பம் கொடுக்கிற கடைக்கார முஸ்லிம் ராத்தா. சபையில் கேட்டபோது, ஜெபிப்போம் என்றார்கள்.

இப்போது எனக்கு ஜெபம் வருகிறதில்லை. பாட்டுப் பாடும்போது வாய் அசைகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு நாள் இடியப்ப உரலைப் பிடித்துக்கொண்டு, 'நீர் எங்கே போய்த் தொலைந்தீர்' என்று கடவுளைப் பார்த்துக் கத்திவிட்டேன். மூத்த மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஆராதனைக்கு வருவதில்லை. சில இரவுகளில், இந்தத் தூக்கம் விடியாமலே போனால் நல்லது என்று இருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா? கஷ்டத்தில் கடவுளை நம்புவது என்றால் என்னதான் செய்வது? அடுத்த செவ்வாய் இவருக்குக் கிளினிக். அதற்கு முதல் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.

— ஒரு சகோதரி

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து எடுக்கிறேன். தூக்கம் விடியாமலே போனால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறவள் நான். இந்த வரியைத் தாண்டிக்கொண்டு போய் விசுவாசத்தைப் பற்றி உங்களோடு கதைக்க எனக்கு மனம் வராது.

ஒன்று கேட்கிறேன், உங்களுக்குள்ளே பதில் சொல்லுங்கள். களைத்துப்போய், எழும்பாமல் கிடந்தால் போதும் என்று வருகிற நினைப்பா? அல்லது உங்களுக்கு நீங்களே ஏதும் செய்துகொள்ளலாம் என்றும் மனம் போகிறதா? இரண்டாவது என்றால், அல்லது எது என்று உங்களுக்கே பிடிபடவில்லை என்றால், இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு ஆளிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம், தமிழிலே கதைக்கலாம். முதலாவது என்றாலும் சும்மா விடுகிற விஷயம் இல்லை. நித்திரை குழம்பி, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அதற்கு வைத்தியம் உண்டு. செவ்வாய்க்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நானும் மனநல டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். ஒருவரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். உங்களைப் போல நோயாளியைக் கூட்டி வருகிற மனைவிமார் எத்தனையோ பேர் அப்படிக் கேட்கிறார்கள்.

இனி வேதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதிய அதே வரி அதிலே இருக்கிறது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். 1 இராஜாக்கள் 19. கடவுள் அவரை அதட்டவில்லை. உன் விசுவாசம் எங்கே போயிற்று என்றும் கேட்கவில்லை. தூங்க விட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார். அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் முறையும் தூதன் வந்து சாப்பிடத்தான் சொன்னான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்று ஒரு காரணமும் சொன்னான். கடவுள் எலியாவோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

நீங்கள் மூன்று மணிக்கு எழும்புகிறீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. இடியப்பம் அவிக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டில் ஒட்டிப்போனதையும் உடைந்ததையும் நின்ற நிலையிலேயே வாயில் போட்டு, ஒரு மிடறு தேத்தண்ணீரோடு பத்து மணிவரை ஓடுவார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கோப்பையில் போட்டுக் கொடுத்தது போல உங்களுக்கும் ஒரு கோப்பையில் போட்டு, இருந்து சாப்பிடுங்கள். மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுங்கள். ஜெபிக்காமல் படுக்கிறேனே என்று அந்த நேரத்தில் உங்களைக் குற்றம் பிடிக்காதீர்கள்.

குளிசை விஷயத்தில் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. பிரஷர் குளிசையை டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஒருமுறை பாரிசவாதம் வந்தவருக்கு இரண்டாம் முறை வருகிற ஆபத்து மற்றவர்களை விடக் கூட. பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருப்பது அதைத் தடுக்கிற முக்கியமான வழிகளில் ஒன்று. நாலு நாள் விட்டதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை. திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ, நல்ல கையும் சோர்ந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குளிசையா கர்த்தரா என்று கேட்டவருக்கு உங்களால் பதில் சொல்ல முடிந்திருக்காது. நான் சொல்கிறேன். பவுல் அப்போஸ்தலன் எத்தனையோ நோயாளிகளைக் கடவுளின் வல்லமையால் எழுப்பியவர். அவரோடு கூடத் திரிந்தவர் ஒரு டொக்டர். 'பிரியமான வைத்தியனாகிய லூக்கா' என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வருகிற வயிற்று வருத்தத்துக்கும் பவுல் கைப்பக்குவம்தான் எழுதி அனுப்பினார். உன் விசுவாசம் காணாது என்று எழுதவில்லை. கணவருக்குக் குளிசையைக் கையில் கொடுக்கும்போது நன்றி சொல்லிக் கொடுங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் அது கிடைப்பதும் ஒரு தயவுதான். அந்த ஜெபக்கூட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் முடிவு. ஆனால் குளிசையை நிறுத்துவதற்குக் காரணமாக இருந்தவர் இனி உங்கள் கணவரின் கட்டிலடிக்கு வர வேண்டாம். அதைத் தடுக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மறைவான பாவம் என்று சொன்னார்களே, அதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் வலித்தது. இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த எல்லோரையும் விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று அவர் கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொன்னார். லூக்கா 13ஆம் அதிகாரம். நாங்கள் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை மறக்கவே கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் செத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னால் போய் நின்று, உங்கள் வீட்டில் என்ன மறைவான பாவம் என்று கேட்க யாருக்காவது வாய் வருமா? அவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வியை உங்களிடமும் கேட்கக் கூடாது.

விசுவாசம் இருந்தால் கஷ்டம் வராது என்பது சரியென்றால் எங்கள் ஊரில் மெதடிஸ்த திருச்சபையே இருந்திருக்காது. நான் அந்தச் சபையில் வளர்ந்தவள், அதனால் இந்தக் கதை சின்ன வயதிலேயே காதில் விழுந்தது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். கப்பலில் வரும் வழியிலேயே அவருடைய மனைவி செத்துப்போனார். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த தோமஸ் கோக்கும் கடலிலேயே செத்தார். ஓல்ட் இங்கே தனியாக வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். 1815 ஏப்ரல் மாதம் அவரும் போய்விட்டார். இங்கே இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. இன்றைக்கும் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று சொல்லிக்கொள்கிறது. சின்ன வயதில் எனக்கு இது வெறும் சரித்திரம். கப்பலில் மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த நாள் காலை அவர் எழும்பி என்ன ஜெபித்திருப்பார் என்று யோசிக்கத் தொடங்கியது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் முதலில் வந்து ஏழு நாள் இராப்பகலாக ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல காரியம். வாயைத் திறந்த பிறகுதான் பிழைத்தது. நீ பாவம் செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்று அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு இழுத்தான். கடைசியில் கடவுள் அந்தச் சிநேகிதர்களிடம் என்ன சொன்னார் என்று 42ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.' கத்தியவன் பேசியது நிதானம், அதாவது சரி. கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது பிழை. இதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்குப் புதிதாகத்தான் இருக்கிறது.

இப்போது உரலைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கத்தியதற்கு வருகிறேன். அதற்கு முதல் உங்களுக்கு ஒரு ஆச்சியைக் காட்ட வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் நேரத்தில்தான் கடல் வந்தது. நான் அப்போது இந்த வேலைக்குப் புதிது, பயிற்சி முடித்த கையோடு மட்டக்களப்பு நகரத்தில் பாடசாலை ஒன்றில் இருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே நாவலடியிலிருந்து வந்த ஒரு ஆச்சி இருந்தா. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலே ஒடுங்கிக் கிடக்கிற அந்த மணலில் அவவின் வீடு இருந்த அடையாளமே இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. யாரோ தேடிக் கொடுத்த அவவின் வேதாகமம் மட்டும் மிஞ்சியது. உப்புத் தண்ணீரில் ஊறிப் பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது. ஆச்சி அதை ஒரு வாங்கில் வெயில் படும்படி வைத்து, தென்னை ஈர்க்கு ஒன்றால் ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருப்பா. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தாள். கிழியாமல் பிரிய வேண்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்வா.

பின்னேரம் ஆனால் கடல் இருக்கிற பக்கம் திரும்பி இருந்துகொண்டு கடவுளை ஏசத் தொடங்குவா. 'நீயும் ஒரு தகப்பனா? உனக்குக் கண் இல்லையா? என்ட புள்ளைகளைப் பாக்காம எங்க போனாய்?' சத்தமாகத்தான். அரை மணித்தியாலம் போகும். முடிவில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு 'ஆமென்' என்பா.

நான் புதிசு என்று சொன்னேனே. கிட்டப் போய், 'ஆச்சி, கடவுளை அப்படிப் பேசக் கூடாது, அவர் ஒரு நோக்கத்தோடுதான் எதையும் செய்வார்' என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆச்சி என்னைக் கோபிக்கவில்லை. 'வேற ஆருக்கிட்டப் போய்ச் சொல்லுற, புள்ள? அவரோடதான் என்ட வழக்கு' என்றா.

அதற்குப் பிறகு ஒரு நாள் கண்ணாடி கடலோடு போய்விட்டது என்று என்னை வாசிக்கச் சொன்னா. நான் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று தொடங்கினேன். 'அது எனக்குப் பாடம் புள்ள, அது வேணாம். ஏசுற சங்கீதம் ஒண்டு இருக்கும், அதைப் படி' என்றா. தேடிப் பிடித்து 13ஆம் சங்கீதத்தை வாசித்தேன். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?' ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு, 'ம், கேளு, கேளு' என்று தலையாட்டினா. எனக்குச் சொன்னாவா, அவருக்குச் சொன்னாவா தெரியாது.

தங்கச்சி, நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இந்த மாதிரி முறைப்பாடுகள்தான். வேதாகமத்திலே புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. கடவுளின் இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனத்தைக் கலண்டரில் அச்சடித்துத் தொங்கவிடுகிறோம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, நான் கூப்பிட்டாலும் என் ஜெபம் போகிற வழியை அவர் அடைத்துப்போட்டார் என்று எழுதியிருப்பதைக் கலண்டரில் போடுவதில்லை. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். 13ஆம் சங்கீதமாவது 'நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று முடிவில் திரும்புகிறது. 88ஆம் சங்கீதம் திரும்பவே இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று சொல்லித்தான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிலுவையில் தொங்கியபோது இயேசுவின் வாயில் வந்ததும் ஒரு முறைப்பாட்டுச் சங்கீதத்தின் முதல் வரி, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. சாவீட்டில் ஒப்பாரி வைத்து, போனவரையே 'ஏன் என்னை விட்டுப் போனாய்' என்று கேட்டு அழத் தெரிந்தவர்கள் நாங்கள். தவக்காலத்தில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க மாமி பசாம், அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற பாட்டு, படிக்கிற சத்தம் வேலிக்கு மேலால் கேட்கும், வீட்டில் வேலையை விட்டுவிட்டு நாங்களும் கேட்டுக்கொண்டு நிற்போம். சபைக்கு வந்ததும் அந்த வாயைக் கட்டிவிட்டோம். 'எப்படி இருக்கிறீங்க' என்றால் 'கர்த்தருக்குள் சுகம்' என்று சொல்லப் பழகிவிட்டோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் உரலடியில் கத்தியது யாரை? இல்லாத ஒருவரை யாரும் 'எங்கே போனீர்' என்று கேட்பதில்லை. வர வேண்டியவர், வரக்கூடியவர் என்ற எண்ணம் அடியில் இருப்பதால்தான் அந்தக் கோபம் வந்தது. மார்த்தாளும் அப்படித்தான் கேட்டாள்: 'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.' இயேசுவும் அவளைக் கண்டிக்கவில்லை. கல்லறையடிக்குப் போகும்போது அழுதார். நீங்கள் விசுவாசத்தை விட்டுவிட்டீர்களா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் விசுவாசம் செத்த அடையாளம் ஒன்றையும் நான் காணவில்லை. மூன்று மணிக்கு எழும்பி, யாரும் பார்க்காத நேரத்தில், கடவுளோடு சண்டை பிடிக்கிற ஒரு பெண்ணைத்தான் காண்கிறேன். சண்டையை விட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

சரி, வாயே வராத நாளில் என்ன செய்வது? அதற்கு மாற்கு 2ஆம் அதிகாரத்தைத்தான் நான் எல்லோருக்கும் கொடுக்கிறேன். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்தார்கள். கூட்டத்தில் நுழைய இடமில்லை. வீட்டுக் கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்கினார்கள். உங்கள் கணவர் மேசன், மற்றவன் வீட்டுக் கூரையைப் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியும். பிறகு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று. படுத்திருந்தவன் என்ன நினைத்தான், ஜெபித்தானா, நம்பினானா என்று ஒரு வார்த்தை இல்லை. சுமந்தவர்களின் விசுவாசம் அன்றைக்கு அவனுக்குப் போதுமாக இருந்தது.

உங்களுக்கு அந்த நாலு பேர் யார்? ஒருவர் உங்கள் கடிதத்திலேயே வந்துவிட்டார். மருதமுனை ராத்தா வேறு மார்க்கம்தான். ஆனால் ஸ்கேனுக்குக் காசு கொடுத்தது யார் என்று எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு கூச்சம் தெரிகிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி விட்டவன் யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சமாரியன் என்று கதை சொன்னவரே இயேசுதான். மற்ற மூன்று பேரை நீங்கள் தேடுங்கள். பரிகாரம் சொல்லாத, ஏழு நாள் சும்மா இருக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். 'எனக்கு இப்போது ஜெபிக்க ஏலாது, நீங்கள் எனக்காகச் செய்யுங்கள்' என்று நேரே சொல்லிவிடுங்கள். நீங்கள் தனியாகச் சொல்வதற்கு ஒரு வரி போதும். பேய்பிடித்த பிள்ளையின் தகப்பன் சொன்னது: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' இடியப்பத் தட்டு ஒன்று இறக்கி அடுத்தது ஏற்றுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

லோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிய கொப்பியையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கணவர் விழுந்த திகதி உள்ள ஆஸ்பத்திரித் துண்டையும் கொண்டுபோங்கள். கிழமைத் தவணையைக் குறைத்து நீட்டிக்கொள்ள முடியுமா என்று கடன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் கேட்க அவர்கள் உதவுவார்கள். கணவருக்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இந்தக் கடனை அடைக்க இன்னொரு இடத்தில் கடன் எடுக்க மட்டும் வேண்டாம். அப்படி எடுத்து மூன்று நாலு இடத்தில் மாட்டிக்கொண்ட பெண்கள் கிழமைக்குக் கிழமை என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி எல்லோரும் ஜெபித்திருக்கிறார்கள். அவரிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சாதாரணம். ஆண்கள் அதை வெளியே காட்டமாட்டார்கள். அவருக்கு வலது கை வேலை செய்கிறது. எந்தக் கடைக்கு எத்தனை இடியப்பம், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்குக் கொப்பியை அவரிடம் கொடுங்கள். எழுத்து கோணலாக வந்தாலும் விடுங்கள். வீட்டுக் கட்டடத்துக்கு மட்டம் பிடித்த ஆள் அவர், ஒரு கணக்காவது தன் கையில் இருந்தால் முதுகு கொஞ்சம் நிமிரும். பேச்சுக்கும் கைக்கும் பயிற்சி எப்படிச் செய்வது என்று கிளினிக்கில் கேட்டு, வீட்டில் தினமும் செய்ய வையுங்கள்.

மகளை ஆராதனைக்கு இழுக்க வேண்டாம். அவள் கேட்டது அம்மாவின் கோபத்தை மட்டும்தான், மற்றதை அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவளைப் பக்கத்தில் இருத்தி, 'நான் அன்றைக்குக் கத்தியது உண்மை, இன்னும் கோபம்தான், ஆனால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். ஆச்சியின் கதையையும் சொல்லுங்கள். 13ஆம் சங்கீதத்தை அவளை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். வாசிக்க மாட்டேன் என்றால் விடுங்கள், நீங்கள் மாவைப் பிழிந்துகொண்டு வாசியுங்கள், அவள் காதில் விழும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் என்று எழுதியிருக்கிறீர்கள். போய் வந்ததும் அவருக்குப் பிரஷர் எவ்வளவு என்றும், உங்களை டொக்டர் பார்த்தாரா என்றும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். கை களைத்திருந்தால் மகள் எழுதினாலும் சரி.

அன்புடன்,
உங்கள் அக்கா